பனியின்மீது பழி

மணவிழா! கல்லடுக்கிக் கட்டிய மாதாகோயில். எதிரே மலைகளுக்கிடையே புகுந்து கிடக்கும் கடற்கழி. கோயிலுக்குள்ளே உற்றாரும் ஊராரும் கூட்டம். மணமகன் தார்ஸ்டைன் ஓலாப்சன். மணமகள் சிக்ரித் பியார்ன்ஸ்டாட்டர். 1408-ம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், கிரீன்லாந்தின் தென்பகுதியிலே, ஹ்வால்சே என்னும் இடத்திலே நடைபெற்றது அத்திருமணம். ஈராண்டு கழிந்தது. 1410-ல் கப்பலொன்று அத்தீவைவிட்டுப் புறப்பட்டது. மணமக்களும் போய்ச் சேர்ந்தனர். அதற்குப் பிறகு, அங்கே எஞ்சியிருந்த நார்வே இன மக்களைப்பற்றி எழுத்திலே உறுதியான ஒரு வரிச் செய்தியும் இல்லை. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆடு மாடு வளர்த்து, கோயில் கட்டி, குடும்பம் நடத்தி வாழ்ந்த ஒரு மக்கட்கூட்டம், மணியோசை ஓய்ந்ததுபோல ஓய்ந்துவிட்டது.

மணவிழாவைச் சொன்னேன், அதற்கு ஓராண்டு முன்னர் நடந்ததைச் சொல்லவில்லை. 1407-ல் அதே குடியேற்றத்தில் கோல்கிரிம் என்பவனை உயிரோடு கொளுத்தினர். குற்றம் யாது? மந்திரத்தால் மாற்றான் மனைவியை மயக்கினானாம்! கிரீன்லாந்திலே காடு மிக அரிது. பெரும்பாலும் குட்டை வில்லோவும் பிர்ச்சுமே மரம். கடல் கொண்டுவந்து ஒதுக்கும் கட்டையைப் பொறுக்கித்தான் கூரைக்கு வளைகூடப் போடவேண்டும். குளிர்காய விறகு அரிதான அந்த நாட்டிலே, மனிதனைக் கொளுத்த விறகு கிடைத்தது!

அம்மக்கள் மறைந்தது எதனால்? "குளிர், கொடுங்குளிர். இயற்கை சீறிற்று, மனிதன் மடிந்தான்" என்பது எளிய விடை. நெடுங்காலம் பலரும் கூறிவந்த விடையும் அதுதான். மார்கழிப் பனிக்கே முக்காடு போட்டுக்கொள்ளும் நமக்கு, அந்த விடை உடனே பொருத்தமாகவும் படும். ஆயின், ஒரு கேள்வி இடறுகிறது. அதே தீவிலே, அதே நூற்றாண்டிலே, அதே குளிரிலே, இன்னொரு மக்கள் வாழ்ந்தனர், மறையவில்லை, பெருகினர், இன்றும் வாழ்கின்றனர். குளிர்தான் கொன்றது என்றால், ஒருவனைக் கொன்று மற்றவனை விட்டுவைக்கக் குளிருக்கு ஓரவஞ்சனை உண்டோ?

வரலாற்றைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

உலகின் மாபெருந் தீவு கிரீன்லாந்து. அதன் ஐந்தில் நான்கு பங்கு, என்றும் உருகாப் பனிப்பாறைக்கு அடியிலே கிடக்கிறது. பெயரோ 'பசும் நாடு'! பெயரிட்டவன் எரிக் என்னும் செந்தலையன். ஐஸ்லாந்திலே கொலை செய்து, நாடு கடத்தப்பட்டு, இத்தீவைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியவன். நல்ல பெயராக வைத்தால்தான் ஆட்கள் வருவார்கள் என்று அவன் கூறியதாக ஐஸ்லாந்தின் பழங்கதைகள் தெரிவிக்கின்றன. விளம்பரக் கலை நேற்றுத் தோன்றியதன்று! 985-ம் ஆண்டளவில் 25 கப்பல்கள் புறப்பட்டன. 14 போய்ச் சேர்ந்தன என்பது அக்குறிப்பு.

வந்தவர்கள் இரண்டு இடங்களில் குடியேறினர். ஒன்றுக்குக் கிழக்குக் குடியேற்றம் என்று பெயர். மற்றொன்றுக்கு மேற்குக் குடியேற்றம் என்று பெயர். இரண்டும் இருப்பது மேற்குக் கரையிலேதான்! கிழக்கு என்பது தெற்கு. மேற்கு என்பது வடக்கு. தெற்கிலே கோடை சற்று நீளம். புல் சற்று அதிகம். பண்ணைகள் சில நூறு. இன்றைய தலைநகரான நூக்கிற்கு அருகேயுள்ள வடக்குக் குடியேற்றத்திலே கோடை குறுகியது, புல் குறைவு, பண்ணைகள் நூற்றுக்கு உட்பட்டவை. இரண்டிலும் சேர்த்து, உச்சநிலையில் இரண்டாயிரம் மூவாயிரம் பேர் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கணக்கு. வானம் ஒருசிறிது மாறினாலும் முதலில் வாடுவது எந்தக் குடியேற்றம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அவர்கள் குளிரை எதிர்கொண்ட முறையைக் கவனியுங்கள். புல்வேரோடு பெயர்த்த மண்கட்டிகளை அடுக்கி, ஆள் நீளத்துக்கும் மேலான தடிப்பிலே சுவர் எழுப்பினர். நல்ல முறைதான்; வெப்பத்தை வெளியே விடாத சுவர். அந்தச் சுவர்களுக்குள்ளே மாட்டையும் அடைத்தனர். இலையுதிர் காலத்தில் தொழுவத்துக்குள் சென்ற மாடு, இளவேனிலில்தான் வெளிச்சத்தைக் காணும். அதுவரை அது தின்ன, கோடை முழுவதும் புல்லறுத்து உலர்த்திச் சேமிக்கவேண்டும். பனி உருகும்போது, எலும்பும் தோலுமாகிவிட்ட பசுவைத் தூக்கிச் சென்று மேய்ச்சல் நிலத்தில் விடவேண்டியிருந்ததாம். மனிதன் பசுவின்மீது வாழ்ந்தானா, பசு மனிதன்மீது வாழ்ந்ததா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

ஏன் இத்தனை பாடு? நார்வேயில் பசு உடையவன் பெரியவன். ஆகவே, இங்கும் பசு உடையவன் பெரியவன். பண்ணைகளின் குப்பைமேடுகளைத் தோண்டி, எலும்புகளை எண்ணிப் பார்த்தோர் கூறுகின்றனர்: பெரிய பண்ணைகளின் குப்பையிலே மாட்டெலும்பு மிகுதி, சிறிய பண்ணைகளின் குப்பையிலே சீல் எனும் கடல்விலங்கின் எலும்பும் ஆட்டெலும்பும் மிகுதி. ஒரே பனி, ஒரே கடல், ஒரே கோயில்! ஆனால், பனிக்காலத்தை ஒருவன் பாலோடு கழித்தான், மற்றவன் கடல்விலங்கின் கொழுப்போடு கழித்தான்.

இதற்கிடையே, இவர்களுக்கு ஒரு பெருங்குறை! தங்களுக்கென்று பிஷப் ஒருவர் இல்லையே என்னும் குறை! உயிரோடு பிடித்த வெண்கரடியொன்றை நார்வே மன்னன் சிகுர்துக்குக் காணிக்கையாகத் தந்து, பிஷப் வேண்டுமென்று இரந்தனராம். மன்னன் மனம் இளகிற்று. 1126-ல் அர்னால்ட் என்னும் பிஷப் வந்திறங்கினார், கார்டார் என்னும் இடத்திலே. நல்ல புல் விளையும் நிலம், தேர்ந்தெடுத்த நிலம், பிஷப்புக்கு. நூறு மாடு கட்டும் அளவு தொழுவங்கள், கிரீன்லாந்திலேயே மிகப் பெரியவை, பிஷப்புக்கு. 27 மீட்டர் நீளத்தில் கற்கோயில் எழுந்தது, சில ஆயிரம் பேருக்காக! கோயிலுக்கு வெண்கல மணி வேண்டும். பூசைக்குத் திராட்சை மது வேண்டும். இவற்றுள் எதுவும் கிரீன்லாந்திலே விளையாது. கப்பலிலே வரவேண்டும். கப்பலுக்கு எதைக் கொடுப்பது?

வால்ரஸ் எனும் கடல்விலங்கின் கொம்பைக் கொடுத்தனர். யானைத் தந்தம் அரிதாகியிருந்த அந்நாளைய ஐரோப்பாவிலே, அக்கொம்புக்கு நல்ல விலை. ஆனால், வால்ரஸ் கூட்டம் பண்ணைக்குப் பக்கத்திலே வருவதில்லை. வடக்கே, பலநூறு கல் தொலைவிலே, டிஸ்கோ வளைகுடாப் பக்கம் செல்லவேண்டும். செல்லவேண்டிய பருவம்? கோடை! உலர்புல் அறுக்கவேண்டிய அதே கோடை! உடல் வலியுள்ள ஆண்கள் படகேறிக் கொம்பு தேடிச் சென்றனர். கிழவரும் பெண்டிரும் சிறாரும் புல்லறுத்தனர். பனிக்காலத்துக்காகச் சேர்க்கவேண்டிய உழைப்பிலே ஒரு பெரும்பங்கு, கடல் கடந்து பறந்தது. 1261-ல் நார்வே மன்னனுக்கும் அடங்கினர். கோயிலுக்குச் செலுத்தும் பங்கோடு மன்னனுக்குச் செலுத்தும் வரியும் சேர்ந்தது. 1327-ல் கிரீன்லாந்துக்காரர் செலுத்திய சிலுவைப்போர் வரி, வால்ரஸ் தந்தமாகப் போய்ச் சேர்ந்து, பிளாண்டர்ஸ் வணிகனொருவனுக்கு விற்கப்பட்டதற்குக் கணக்கு இருக்கிறது. எருசலேம் எங்கே, இந்தப் பனிக்காடு எங்கே! பார்த்தறியாத பாலைவனத்துப் போருக்கு, பனியிலே நடுங்கியவன் வரி கட்டினான்.

இங்கே நான் ஒன்றைத் தெளிவுபடுத்தவேண்டும். "நார்வே மக்கள் மூடர்கள், மாட்டைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், கடல் உணவு தின்ன மறுத்துப் பட்டினி கிடந்து செத்தார்கள்" என்று எழுதுவோர் உண்டு. பழமையைச் சாட நமக்கு வாய்ப்பாக இருக்கிறதே என்பதற்காக அதை ஏற்றுக்கொள்வது பகுத்தறிவாகாது. 1999-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, அம்மக்களின் எலும்புகளையே சோதித்துப் பார்த்தது. குடியேறிய தொடக்கக் காலத்தில், உணவிலே ஏறத்தாழ நூற்றுக்கு 20 பங்குதான் கடலிலிருந்து. இறுதிக் காலத்தில் நூற்றுக்கு 80 பங்கு வரையில் கடலிலிருந்து! எளிய உழவன் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கவில்லை. மாடு குறைந்தபோது கடலை நோக்கி நடந்தான். சீலை வேட்டையாடினான். அவன் மாறினான், தன்னால் மாற்றக்கூடியவற்றையெல்லாம் மாற்றினான். மாறாதவை, அவன் கைக்கு எட்டாதவை: கோயில் கணக்கு, மன்னன் வரி, பெரிய பண்ணையின் தொழுவம்.

அவன் வேட்டையாடிய சீல், இளவேனிலில் கூட்டங்கூட்டமாகக் கரையோரம் நீந்திவரும் வகை. அது வரும்வரை, பனிக்காலத்தின் கடைசி வாரங்களிலே, வீட்டில் இருப்பது தீர்ந்திருக்கும். கடல் உறைந்து, பனிக்கட்டி விலகத் தாமதமானால்? கூட்டம் வரத் தாமதமாகும். அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் வாழ்வும் சாவும். உறைந்த கடலின்மீதே நின்று, மூச்சுவிட மேலெழும் சீலைத் துளையருகே காத்திருந்து குத்திப் பிடிக்கும் கலை ஒன்று உண்டு. அதை அறிந்தவர்கள், அதே கரையிலே வடக்கேயிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தனர்.

அவர்களே இனுயிட் மக்கள். அலாஸ்காவிலே தோன்றிய ஒரு வாழ்க்கைமுறையோடு, 13-ம் நூற்றாண்டளவில் கிரீன்லாந்தின் வடபகுதியை அடைந்தவர்கள். நார்வேயினர் இவர்களுக்கு இட்ட பெயர் 'ஸ்க்ரேலிங்'; இழிவு தோன்ற இட்ட பெயர்.

இழிவாகப் பேசப்பட்டோரின் வீட்டைக் காண்போம், வாருங்கள். எல்லோரும் பனிக்கட்டியால் குடில் கட்டி வாழ்ந்தனர் என்று பள்ளிப் புத்தகப் படங்களைப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கிறோம். கிரீன்லாந்திலே அது பெரும்பாலும் வடகோடியினர் வேட்டைப் பயணத்திலே கட்டிக்கொண்ட குடில். குளிர்கால வீடு கல்லும் மண்கட்டியுமாகக் கட்டியது. வீட்டுக்குள் நுழைய, தவழ்ந்து செல்லும் நீண்ட வழி. அவ்வழி வீட்டின் தரையைவிடப் பள்ளத்திலே அமைந்தது. காரணம் யாது? குளிர்காற்று கனமானது, பள்ளத்திலே தங்கிவிடும். வெப்பக்காற்று மேலெழும், உயரத்திலே நிற்கும். ஆகவே, படுக்கும் மேடையை உயரத்திலே அமைத்தனர். கல்லூரி காணாதவர் கண்ட பௌதிகம்! சன்னலுக்குக் கண்ணாடியில்லை, சீலின் குடலைக் கிழித்துத் தைத்து, ஒளி ஊடுருவும் திரையாக்கினர்.

வீட்டின் நடுநாயகம், விளக்கு. மாக்கல்லைக் குடைந்து செய்த அகல், பாசியே திரி, சீலின் கொழுப்பே எண்ணெய். விறகில்லாத நாட்டிலே அதுவே விளக்கு, அதுவே அடுப்பு, அதுவே ஈர உடையை உலர்த்தும் கனல். அதைப் புகையாமல் காப்பது வீட்டுப் பெண்ணின் திறம். ஊசியும் அவள் கையில்தான். உள்ளே ஓர் உடை, மயிர் உடலைத் தொடும்படி. வெளியே ஓர் உடை, மயிர் வெளிநோக்கும்படி. விலங்கின் தசைநாரே நூல், ஈரம் பட்டால் நார் பருத்து, தையல் துளையை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் புகாது. அந்த ஊசி இல்லையேல் வேட்டைக்காரன் இல்லை. வீரம் என்று எறியீட்டியைத்தான் பாடுகிறார்கள். ஊசியைப் பாடுவோர் குறைவு!

இவர்களிடையே மூடநம்பிக்கை இல்லையோ எனின், இருந்தது. கடலடியிலே ஒரு தாய் இருக்கிறாள். மனிதர் விலக்குகளை மீறினால், விலங்குகளை மறைத்துவிடுவாள். மந்திரக்காரன் போய் அவளைச் சாந்தப்படுத்தவேண்டும் என்று நம்பினர். பட்டினியால் இவர்களும் மாண்டதுண்டு. இவர்களைக் காத்தது அந்த மந்திரமன்று; மாக்கல் விளக்கும், தோல் படகும், துளையருகே அசையாமல் நிற்கும் பொறுமையும். இன்னொன்றும் உண்டு: தொலைதூரத்து மன்னனுக்கும் மதத்தலைவனுக்கும் அவர்கள் வரி கட்டவேண்டியிருக்கவில்லை.

நார்வேயினரின் இடிபாடுகளை எவ்வளவோ தோண்டிவிட்டனர். கயாக் எனும் தோல் படகோ, குத்தியபின் உடலுக்குள்ளே திரும்பிச் சிக்கிக்கொள்ளும் எறியீட்டியோ, அவர்கள் செய்து புழங்கியதாகச் சான்று கிட்டவில்லை. கரையோரம் தென்கோடியிலே ஹெர்யோல்ப்ஸ்னெஸ் என்னும் இடத்துக் கல்லறைகளை 1921-ல் டென்மார்க்கின் ஆராய்ச்சியாளர் போல் நார்லண்ட் தோண்டினார். உறைந்த மண்ணிலே கெடாமல் கிடைத்தன ஆடைகள். தோலாடையா? அல்ல! கம்பளி நெய்து தைத்தவை. தலைமூடியின் பின்னே நீண்ட வால் தொங்குகிறது, ஐரோப்பிய நகரத்தார் அணிந்த அதே பாங்கிலே. அவர்கள் தங்களை யார் என்று எண்ணினர் என்பதை அந்த வால் சொல்லுகிறது.

முடிவு வடக்கிலே தொடங்கிற்று. 14-ம் நூற்றாண்டின் நடுவிலே, பிஷப்பின் பண்ணையை மேற்பார்த்த இவார் பார்டார்சன் என்பவர், மேற்குக் குடியேற்றத்துக்குப் படகிலே சென்றார். மனிதர் எவருமில்லை, மாடும் ஆடும் கேட்பாரற்றுத் திரிந்தன என்று தெரிவித்தார். அங்குள்ள ஒரு பண்ணையை நம் காலத்தார் தோண்டியபோது, கடைசி அடுக்கிலே, வெட்டுக்காயம் பட்ட வேட்டை நாயின் எலும்புகள் கிடந்தன. நாயைத் தின்னும் நிலை வந்தால், அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது? அடுக்குகளிலே ஈக்களின் மிச்சங்களும் இருந்தன. கீழே, மனிதன் குளிர்காய்ந்த சூட்டிலே வாழும் ஈ. மேலே, குளிரைத் தாங்கும் ஈ. வீட்டிலே சூடு அணைந்த காலத்தை ஈ குறித்து வைத்திருக்கிறது. பிஷப்பின் ஏடு குறிக்கவில்லை.

தெற்கிலே இன்னும் சில தலைமுறை நீடித்தனர். கார்டாரிலே தங்கிய கடைசி பிஷப் 1378 அளவில் இறந்தார். அதன்பின்னும் 'கார்டார் பிஷப்' என்று பலரை நியமித்தனர். எவரும் வந்து தங்கவில்லை. பட்டம் மட்டும் ஐரோப்பாவிலே உலவிற்று! கொள்ளைநோய் 1349-ல் நார்வேயைத் தாக்கிற்று, யானைத் தந்தம் ஐரோப்பியச் சந்தைக்கு மீண்டும் வந்தது, வால்ரஸ் கொம்பை வாங்குவாரில்லை, கப்பல்கள் அருகின. எந்தக் கொம்புக்காகக் கோடைகளைச் செலவிட்டனரோ, அந்தக் கொம்பு மதிப்பிழந்தது. குளிரும் அப்போதுதான் கூடிற்று. இளையோர் சிலர் கப்பலேறிப் போயிருக்கலாம். முதியோர் அங்கேயே மடிந்திருக்கலாம். கொலைக்களம் எதுவும் தென்படவில்லை. ஹ்வால்சே கோயிலின் கருங்கற்சுவர்கள் இன்றும் நிற்கின்றன, கூரையின்றி.

1721-ல் ஹான்ஸ் எகெட எனும் பாதிரியார், மறைந்த கிறித்தவர்களைத் தேடிக் கப்பலேறி வந்தார். நார்வேயினரைக் காணவில்லை, இனுயிட் மக்களைக் கண்டார், அவர்களுக்குச் சமயம் போதிக்கத் தங்கினார். டென்மார்க்கின் ஆட்சி அவ்வாறு வேரூன்றிற்று. அந்த ஆட்சியின் இருநூறு ஆண்டுக் கதையைத் தாண்டி, நம் கட்டுரைக்கு நேரே தொடர்புள்ள இடத்துக்கு வருகிறேன். ஏனெனில், பனிக்காலத்தை எங்கே, எப்படிக் கழிப்பது என்பதைத் தொலைவிலிருந்து ஒருவர் தீர்மானிக்கும் வழக்கம், நார்வே மன்னனோடு ஒழிந்துவிடவில்லை.

1953-ம் ஆண்டு, டென்மார்க்கின் புதிய அரசியல் சட்டம், கிரீன்லாந்தைக் குடியேற்ற நாடு என்ற நிலையிலிருந்து நீக்கி, டென்மார்க்கின் ஒரு பகுதியாக்கிற்று. அதே ஆண்டு மே திங்களில், வடகோடியிலே, துலே பகுதியிலே, அமெரிக்க விமான தளத்துக்கு இடம் வேண்டுமென்று, ஊமன்னாக் என்ற ஊரின் 27 குடும்பங்களைச் சில நாள் அவகாசத்தில் எழுப்பிவிட்டனர். நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கானாக் என்னும் இடத்துக்குப் போகச் சொன்னார்கள். நாய்வண்டியிலே போனார்கள். வீடுகள் கட்டி முடியவில்லை, கூடாரத்திலே தங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக எந்தக் கரையிலே எந்த விலங்கு எப்போது வரும் என்று அறிந்திருந்த வேட்டைக்காரன், அறியாத கரையிலே பனிக்காலத்தைச் சந்தித்தான். 1999-ல் டென்மார்க்கின் நீதிமன்றம் அதைத் தவறென்று தீர்த்து இழப்பீடு வழங்கிற்று. பிரதமர் மன்னிப்பும் கோரினார். ஊருக்குத் திரும்பும் உரிமையைக் கேட்டபோது, 2003-ல் உச்சநீதிமன்றம் அதனை மறுத்துவிட்டது.

இன்னொரு வகையும் உண்டு. துப்பாக்கியின்றி, திட்டத்தின் பெயரால். 1960-களிலே கோபன்ஹேகனில் வகுத்த திட்டம் சிற்றூர்களை வீண்செலவு என்றது. மக்களைச் சில நகரங்களிலே குவித்தால்தான் பள்ளியும் மருத்துவமனையும் மீன் தொழிற்சாலையும் தரமுடியும் என்றது. காச நோய் மக்களை வாட்டிய நாட்டிலே, மருத்துவமனையை வேண்டாமென்பவன் யார்? நல்ல வீட்டையும் நல்ல மருந்தையும் நான் குறைகூறவில்லை. கேட்கவேண்டியவரைக் கேட்டார்களா என்பதே கேள்வி. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த குல்லிசாத் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர், 1972-ல் மூடப்பட்டது. மக்கள் கரை முழுவதும் சிதறினர்.

தலைநகர் நூக்கிலே, 1960-களின் நடுவில், 'ப்ளாக் பி' என்ற பெயரில் ஐந்து மாடிக் கட்டடம் எழுந்தது. 320 குடியிருப்புகள்; கிரீன்லாந்து மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் அந்த ஒரே கட்டடத்தில்! வெப்பக் குழாய் உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு. ஆனால், வாயிற்கதவும் அலமாரியும் டென்மார்க் நகரவாசியின் அளவிலே செய்தவை. தடித்த குளிருடை அணிந்த மீனவன் அந்தக் கதவிலே நுழைய இடர்ப்பட்டான். வலையும் தூண்டிலும் தளவாடமும் வைக்க இடமின்றிப் பலகணியிலே குவித்தான். பிடித்துவந்த சீலையும் மீனையும் அறுக்க இடமில்லை. குளியல் தொட்டியிலே அறுத்தான். இரத்தம் உறைந்து கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. "நாகரிகமாக வாழத் தெரியவில்லை" என்றனர், குழாயைப் பழுது பார்க்க வந்தவர்கள்.

கிரீன்லாந்து 1979-ல் உள்நாட்டு ஆட்சி பெற்றது. 2009-ல் தன்னாட்சி உரிமை மேலும் விரிந்தது. ஏறத்தாழ 56,000 மக்கள், ஒருவர்போல் ஒருவர் வாழ்வதில்லை. வடக்கிலே கடல் உறைகிறது, நாய்வண்டி ஓடுகிறது. நடுக்கரையிலே பனிக்காலத்திலும் கடல் திறந்திருக்கிறது, மீன்பிடி கப்பல் ஓடுகிறது. தெற்கிலே, செந்தலை எரிக்கின் பண்ணை இருந்த அதே இடத்தில், 1924-ல் ஓட்டோ பிரெடரிக்சன் எனும் கிரீன்லாந்துக்காரர் ஆட்டுப் பண்ணை தொடங்கினார். கோடையிலே அங்கே இன்றும் பனிக்காலத்துக்காகப் புல்லறுக்கிறார்கள். அறுத்த புல் ஊரிலேயே இருக்கிறது. 2012 அக்டோபரில், நூக் நகரத்தார் 'ப்ளாக் பி'யை இடித்துத் தள்ளினர்.